தோட்டத்துப் பையனும் கடற்படையும்

கேள்வி: தோட்டத்தில் வளரும் என் மகன் கடற்படை அதிகாரியாக வேண்டும் என்கிறான். நம்மவர்களுக்கு அங்கே இடமுண்டா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இடமா? தலைமைப் பதவியிலேயே இருந்திருக்கிறோம்! தான்ஸ்ரீ கே. தனபாலசிங்கத்தைப் பற்றி மகனுக்குச் சொல்லுங்கள். இலங்கைத் தமிழர் வழிவந்தவர். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். 1967இல் ஓர் ஆஸ்திரேலியரிடமிருந்து பொறுப்பேற்று கடற்படையின் முதல் மலேசியத் தளபதியானபோது அவருக்கு வயது 31தான். அவர் கோலாலம்பூர் விக்டோரியா பள்ளி மாணவர், தோட்டத்துப் பிள்ளை அல்லர் என்பதையும் மறைக்க வேண்டாம். அன்று கடற்படையின் தளம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது; இன்று முதன்மைத் தளம் உங்கள் பேராக்கின் லுமுட்டில். கணக்கையும் மலாயையும் மகன் விடாமல் படிக்கட்டும். விடுமுறையில் லுமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் படகில் அழைத்துப் போங்கள்; வழியில் போர்க்கப்பல்களைப் பார்க்கலாம்.