தெரிந்து தெளிதலும் காவற்பணித் தேர்வும்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஒருவரை வினைக்கு அமர்த்துமுன் ஆராய வேண்டுவன யாவை என்பதே அதன் பொருள். அமைச்சருக்கும் தூதருக்கும் மட்டும் உரியதன்று அவ்வதிகாரம். ஆயுதமும் அதிகாரமும் ஒருங்கே கையிற் பெறும் இரண்டாம்நிலைக் காவலருக்கும், நள்ளிரவில் பிறர் வீட்டுக் கதவை உடைத்து உட்புகும் உரிமையுடைய தீயணைப்பாளருக்கும் அது பெரிதும் பொருந்தும்.

பழனியை அடுத்த பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் விடியற்காலை ஓடிப் பழகும் இளைஞர்கள் எழுத்துத் தேர்வுக்கும் உடற்தகுதித் தேர்வுக்கும் அஞ்சுகின்றனர். 1991இல் அமைந்த தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வு பெறுவோர்க்கு அவற்றின் பின்னும் ஒரு படி உண்டு. அது முன்னடத்தை ஆய்வு. நிரப்பித் தந்த சரிபார்ப்புப் படிவம் காவல் நிலைய ஏடுகளோடு ஒப்பிடப்படும். ஓட்டத்தில் வென்றவர் சிலர் இப்படிவத்தில் தோற்கின்றனர். ஆகவே இதன் இயல்பை அறிதல் நலம்.

அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கால் ஒருவனைச் சோதித்துத் தெளிய வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் கருத்து. பரிமேலழகர் இதனை வடநூலார் கூறும் உபதையோடு இயைத்து விரிக்கின்றார். புரோகிதரை விட்டு அறத்தின் பெயராலும், சேனைத்தலைவனை விட்டுப் பொருளாலும், தவமுதுமகள் ஒருத்தியை விட்டு இன்பத்தாலும், அமைச்சன் ஒருவனைக் கொண்டு அச்சத்தாலும் அரசனுக்கு எதிராகத் தூண்டிப் பார்த்தல் அம்முறை. நம் கருத்தில் இது தெளிதலினும் கண்ணி வைத்தலையே ஒத்தது. இல்லாத குற்றத்தை விளைவித்துப் பார்க்கும் ஆய்வு, ஆராய்வோனையும் கறைப்படுத்தும். உரையாசிரியர் காலத்து அரசியல் வேறு எனக் கொண்டு மேற்செல்வோம்.

பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) காட்டும் நெறி இதனினும் தெளிவுடையது. வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுமுன் வயது, நிலவுடைமை, சொந்த மனை, கல்வி ஆகியன பார்க்கப்பட்டன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் நீக்கப்பட்டனர். ஏட்டில் உள்ள செயலை வைத்து ஆராயும் இம்முறை இன்றைய ஆய்வுக்கு முன்னோடி எனலாம். எனினும் கணக்குக் காட்டாதவரின் உறவினர் பலரையும் அக்கல்வெட்டு விலக்கிவிடுகின்றது. தந்தை செய்த பிழைக்கு மைந்தன் தகுதி இழப்பது முறையா?

வள்ளுவரிடத்தும் இவ்விழுபறி உண்டு. நற்குடிப் பிறப்பை ஓரிடத்தில் (502) வேண்டுகின்ற அவரே, ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக மற்றோரிடத்தில் (505) வைக்கின்றார். குடியை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தால் என்ன நேரும் என்பதைத் தென்னாடு நன்கறியும். 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம், முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவல் புரிந்தோர், களவுபோன பொருளை மீட்க இயலாவிடின் ஈடு தரும் கடப்பாடு உடையவராயிருந்தனர். காவல் மரபுடைய குடிகளையும் குற்றப்பட்டியலில் ஏற்றியது அச்சட்டத்தின் கொடுமைகளுள் ஒன்று.

செயலே உரைகல் என்றால், அச்செயலை அறிந்தவர் யார்? இஸ்லாமிய மரபில் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. ஒருவருக்கு மற்றொருவர் நற்சான்று கூற முன்வந்தார். அவருடைய இரவையும் பகலையும் அறிந்த அண்டை வீட்டாரா நீர் என்று கலீஃபா வினவினார். இல்லை என்றார். பொற்காசும் வெள்ளிக்காசும் வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா, உடன் பயணம் செய்ததுண்டா என அடுத்தடுத்து வினவினார். அவற்றுக்கும் இல்லை என்பதே விடை. அவ்வாறாயின் நீர் அவரை அறியமாட்டீர் என்று அச்சான்றினை உமர் (ரலி) ஏற்க மறுத்தார். பள்ளிவாசலில் தலை தாழ்த்தி நிற்கக் கண்டது மட்டும் போதாது என்பது கருத்து. இன்று நற்சான்றிதழில் கையொப்பமிடும் பெரியோர் இம்மூன்று வினாவையும் தம்மிடமே கேட்டுக்கொண்டால், எத்தனை சான்றிதழ் எஞ்சும் என்பது ஐயமே.

விசாரணைக்கு வருவோரிடம் உண்மை கூறுவது புறம்பேசுதல் ஆகாதா எனச் சிலர் தயங்குவர். இமாம் நவவி (இறப்பு 1277) தம் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் புறம்பேசுதலை வன்மையாகக் கடிந்தபின், அது அனுமதிக்கப்படும் ஆறு நிலைகளைத் தனியே கூறுகின்றார். தீங்கினின்று மக்களை எச்சரித்தல் அவற்றுள் ஒன்று. ஹதீஸ் அறிவிப்பாளரின் குறைநிறைகளை அறிஞர் ஆராய்ந்ததும் இந்நெறி பற்றியே. ஆனால் கேட்டதற்கு மேல் பழம்பகையை அவிழ்த்துக் கொட்டுதல் அந்த அனுமதிக்குள் அடங்காது.

இனிச் சட்டத்தைக் காண்போம். அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றத்தின் மூவர் ஆயம் வகுத்த நெறிகள், குணமும் குற்றமும் நாடி மிகுதியானதைக் கொள்க என்னும் குறட்கருத்துக்கு (504) அணுக்கமானவை. இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருப்பினும், பணியமர்த்துவோர் தம் விருப்புரிமையால் அதனைப் பொறுக்கலாம். கடுங்குற்றமாயின், உண்மையை உரைத்திருந்தாலும் பணி தர வேண்டிய கட்டாயம் இல்லை. பல வழக்குகளை மறைத்துப் பொய் கூறியிருப்பின் அதுவே நீக்கத்துக்குப் போதும். தமிழகக் காவல் பணி விதியோ இன்னும் கடுமையானது. சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளப்படுவர் என்னும் அவ்விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் 2008இல் நிலைநிறுத்தியது. கோயில் விழாக் கைகலப்பிலோ சாலை மறியலிலோ பெயர் சேர்க்கப்பட்ட மாணவர், விடுதலை பெற்றுவிட்டோமே என்று படிவத்தில் ‘இல்லை’ என எழுதிவிடுவது இதனால் இருமடங்கு ஆபத்து. வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்பு நாள் ஆகியவற்றை எழுதித் தீர்ப்பின் நகலையும் இணைத்தலே தக்கது.

அதே அவதார் சிங் தீர்ப்பு ஆராய்வோரையும் கட்டுப்படுத்துகின்றது. படிவத்தின் வினா தெளிவாகவும் குறிப்பாகவும் இருத்தல் வேண்டும். கேளாத ஒன்றைச் சொல்லாதது மறைத்தல் ஆகாது. தன்மேல் வழக்கு இருப்பதே அறியாதவனை மறைத்தான் என்று கூறுதலும் இயலாது.