கெடு முடிந்த கிரைய ஒப்பந்தமும் ஏறிப்போன விலையும்

கேள்வி: மதுரை திருநகரில் 4 சென்ட் இடத்தில் உள்ள பழைய வீட்டை 46 லட்ச ரூபாய்க்குப் பேசி, 20 ரூபாய் பத்திரத்தில் கிரைய ஒப்பந்தம் போட்டேன். பதிவு செய்யவில்லை. அட்வான்ஸ் 5 லட்சம். அதில் 4 லட்சம் ரொக்கம். ஆறு மாதக் கெடு. பின் போர்ஷனில் குடியிருப்பவரைக் காலி செய்து தருவதாக வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொன்னார், செய்யவில்லை. ‘பொறுங்க மாமா, விலை இறங்கும்’ என்று மைத்துனர் சொன்னதால் நானும் அவசரப்படவில்லை. கெடு முடிந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிவிட்டது. இப்போது வீட்டுக்காரர், ‘எய்ம்ஸ் வந்ததால் 65 லட்சத்துக்குக் கேட்கிறார்கள், உங்கள் அட்வான்ஸை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார். கைடுலைன்படி 30 லட்சம்கூட வரவில்லை. பழைய விலைக்கே கிரையம் செய்து தரச் சொல்லி வழக்குப் போடலாமா? பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்கிறார்களே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: வழக்குப் போடலாம். கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் போடுவது வேறு, ஜெயிப்பது வேறு. கைடுலைன் எவ்வளவு, வெளியே எவ்வளவு போகிறது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வழக்கைத் தீர்மானிக்கப் போவது அது அல்ல. அந்த ஆறு மாதத்திலும் அதன் பிறகும், பாக்கி 41 லட்சத்தோடு கிரையத்துக்கு நீங்கள் தயாராக இருந்தீர்களா, விருப்பமாக இருந்தீர்களா என்பது ஒன்றுதான் கேள்வி. அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

இதற்கு வெளியூர்த் தீர்ப்பைத் தேட வேண்டியதில்லை. உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான வழக்கு மதுரையில் இருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கு, தீர்ப்பு 1997-ல் வந்தது. மதுரையில் உள்ள ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்கு விற்க 1978 டிசம்பரில் ஒப்பந்தம். அட்வான்ஸ் 5,000. ஆறு மாதத்துக்குள் பாக்கியைக் கொடுத்து, பத்திரம் வாங்கிக் கிரையத்தை முடிக்க வேண்டும். வாங்குபவர் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியது 1981 ஜூலையில். அதற்குள் விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது என்றார்கள் விற்றவர்கள். உயர் நீதிமன்றம் வாங்குபவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இரண்டரை வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவருக்கு, விலை இப்படி ஏறிய பிறகு பழைய விலையில் வீட்டை வாங்கித் தருவது நியாயமாகாது என்றது. அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலக்கெடு அவ்வளவு முக்கியமில்லை என்ற பழைய விதி, விலைவாசி அசையாமல் இருந்த காலத்தில் உருவானது. நகரத்துச் சொத்துக்கு அதைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மூன்று ஆண்டு வரை வழக்குப் போடலாம் என்பதற்காக ஒரு வருடம், இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று அர்த்தமில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. 2011-ல் சாரதாமணி கந்தப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்.

ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருவது பற்றிய சட்டம் 2018-ல் திருத்தப்பட்டு, அதில் நீதிமன்றத்துக்கு இருந்த விருப்புரிமை வெகுவாகக் குறைக்கப்பட்டது உண்மை. உங்கள் ஒப்பந்தம் அதற்குப் பிந்தையது என்பதால் அந்த வாதம் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது.

அதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? கடன் கிடைக்கும் என்று வங்கி மேலாளர் வாயால் சொன்னாராம். கடன் அனுமதிக் கடிதம் எங்கே? விண்ணப்பித்த ரசீதாவது உண்டா? கெடு முடிவதற்குள் ‘பணம் தயார், இந்தத் தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள்’ என்று ஒரு பதிவுத் தபால் அனுப்பினீர்களா? இல்லை. கெடு முடிந்த பிறகாவது? அதுவும் இல்லை. 5 லட்சத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பதிவுத் தபாலுக்குச் செலவழிக்க மனமில்லாமல் போய்விட்டது. வாடகைக்காரர் விஷயம் உங்களுக்கு நல்ல வாதமாக இருந்திருக்கும். காலி செய்து தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் தாமதத்தின் பாரம் அவர் தலையில் விழுந்திருக்கும். வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிட்டீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது, கடிதத்தோடு நீங்கள் இணைத்து அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் பக்கங்கள். கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது நீங்கள் அனுப்பிய செய்தி: ‘அண்ணே, இப்ப மார்க்கெட் டல். 42-க்குச் சரின்னா அடுத்த வாரமே முடிச்சிரலாம்.’ உங்கள் பொறுமைக்குச் சாட்சி என்று நினைத்து இதை அனுப்பியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் சான்றாவணமாகக் குறியீடு செய்யப் போவதே இதைத்தான். 46 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டவர் 42-க்குத்தான் வருவேன் என்றால், ஒப்புக்கொண்ட விலைக்கு அவருக்கு விருப்பம் இல்லை என்றுதானே பொருள்? இதை அழித்துவிடாதீர்கள். அவர் போனிலும் இருக்கிறது. அழித்தால் அதையும் உங்களுக்கு எதிராகவே பேசுவார்கள். முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு முழு உரையாடலையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வாடகைக்காரர் இன்னும் போகவில்லை என்று விற்பவர் எங்காவது ஒப்புக்கொண்டிருந்தால் அது உங்களுக்குக் கைகொடுக்கலாம்.

பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்று சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இருந்தாலும், ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், அதாவது ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரக் கேட்கும் வழக்கில், பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. பதிவாகியிருந்தால் உங்கள் ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறியிருக்கும். இப்போது யார் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் சொத்து சுத்தமாகத் தெரியும். 65 லட்சம் கொடுக்க வருகிறவர் நாளைக்கே கிரையம் முடித்துவிட்டு, ‘முந்தைய ஒப்பந்தம் எனக்குத் தெரியவே தெரியாது’ என்றால், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர் என்ற பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கக்கூடும்.

ரொக்கம் 4 லட்சம். சொத்து அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம். அதனால் அந்த 4 லட்சத்தை வாங்கவே இல்லை என்று அவர் மறுக்கத் தோதான நிலைமை. ஒப்பந்தத்தில் 5 லட்சமும் பெற்றுக்கொண்டதாக எழுதியிருப்பது நல்லதாயிற்று. ஆனால் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கில் சொன்னால், நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு உங்களிடமும் இருக்கட்டும்.

கைடுலைன் பற்றி ஒரு வார்த்தை. அது முத்திரைத் தீர்வைக்காக அரசு வைக்கும் மதிப்பு. முதல் பார்வைக்கு ஓர் அடையாளம், முடிவான சந்தை விலை அல்ல என்று டான்சி நில வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017 ஜூனில் அது ஒரே நாளில் 33 சதவீதம் குறைக்கப்பட்டதே, அன்றைக்குத் திருநகரில் யாராவது மூன்றில் ஒரு பங்கு விலையைக் குறைத்து வீடு கொடுத்தார்களா? எனவே 30 லட்சம் என்ற கணக்கை வைத்து அவர் 65 கேட்பது பொய் என்று வாதாட முடியாது. கைடுலைனுக்கே எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், 46 லட்சத்துக்கு 4,14,000 ரூபாய். அதையும் சேர்த்துத் தயாராக வைத்திருந்தால்தான் நீங்கள் தயாராக இருந்ததாக அர்த்தம்.

விலை இறங்கும் என்று மைத்துனர் எதை வைத்துச் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024-ல்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் அந்தப் பக்கம் ‘வருது வருது’ என்று விலை சொன்னவர்களும் உண்டு, ‘வராது’ என்று காத்திருந்தவர்களும் உண்டு. இரண்டுமே பேச்சு. வீடு வாங்கவோ விற்கவோ போகிற மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அதே தெருவில், அதே சர்வே எண்ணில் போன இரண்டு வருடத்தில் நடந்த கிரையங்களுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால், கைடுலைனுக்கே எழுதியிருக்கிறார்கள், உண்மையான விலை அதில் இல்லை என்று சந்தேகப்பட இடம் உண்டு. கைமாற்றுத் தொகை கூடுதலாக இருக்கும் ஆவணம்தான் உங்களுக்குப் பயன்படும். பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கியதாக இருக்கும். அந்த ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் போட்டு, இட அளவு, கட்டட வயது, எந்த ரோட்டை ஒட்டியது என்று பாருங்கள். வங்கி மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். புரோக்கர் சொல்லும் விலையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ்: ஒப்பந்த விலை 46 லட்சத்துக்கே தயார், பாக்கி 41 லட்சம் இருக்கிறது, இந்தத் தேதியில் கிரையம் செய்து தாருங்கள் என்று. பணம் நிஜமாகவே இருந்தால் மட்டும் இதை எழுதச் சொல்லுங்கள். வாங்க வருகிறவர் யார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு நகல் போகட்டும். தெரியாது என்று பிறகு அவர் சொல்ல முடியாது. பதில் வராவிட்டால் வழக்கும், மூன்றாம் நபருக்கு விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை மனுவும். நீதிமன்றக் கட்டணம் கிரையத் தொகை முழுவதற்கும் 3 சதவீதம், 1,38,000 ரூபாய். பிராதில் கிரையத்தோடு, மாற்றாக அட்வான்ஸைத் திருப்பித் தரவும் கேளுங்கள். கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் தானாகக் கொடுக்காது.

அவர் 5 லட்சத்தையும் நியாயமான வட்டியோடு இப்போதே தர முன்வந்தால் அதையும் யோசியுங்கள். என் கருத்தில், உங்கள் கையில் இருக்கும் காகிதங்களை வைத்துப் பார்த்தால் வீடு கிடைப்பதைவிட அட்வான்ஸ் திரும்பக் கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் நான் பார்த்தது உங்கள் கடிதத்தையும் வாட்ஸ்அப் பக்கங்களையும் மட்டுமே. ஒப்பந்தத்தின் அசல், வங்கிக் கணக்கு விவரம், ரொக்கம் கொடுத்தபோது உடனிருந்த சாட்சிகள், இன்றைய தேதியில் எடுத்த வில்லங்கச் சான்று இவற்றோடு மதுரையில் உரிமையியல் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அவர் ஒப்பந்தத்தைப் படித்து முடிக்கும்வரை வீட்டுக்காரருக்குப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ எதுவும் அனுப்பாதீர்கள். அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.