புதிய தொழில்களின் எண்ணிக்கையும் மாவட்ட வளர்ச்சியும்

ஒரு மாவட்டம் பொருளியலில் வளர்கின்றதா, தளர்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? அதன் மொத்த உற்பத்தி மதிப்பைக் கணக்கிட்டு வெளியிடக் காலம் பிடிக்கும். அதற்கு முன்னரே ஓரளவு குறிப்புக் காட்டும் எண் ஒன்றுண்டு. அவ்வாண்டில் அங்கே எத்தனை புதிய நிறுவனங்கள் தோன்றின என்பதே அது. கைமுதல் போட்டுத் தொழில் தொடங்குவோர் நாளைய வாணிகத்தை நம்பியே தொடங்குகின்றனர். அந்நம்பிக்கையின் அளவே இவ்வெண். பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் ஊரிலேயே தொழில் தொடங்குவதா, சென்னைக்குச் செல்வதா என ஆராயும்போது இத்தகைய எண்களை எடுத்துக்காட்டுவர். அவற்றைப் படிக்கும் முறையைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

2020 சனவரி 31 அன்று நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவுகளைக் கொண்டு இதனை மாவட்டவாரியாக ஆராய்ந்தது. 2014இல் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த புதிய நிறுவனங்கள் 2018இல் ஏறத்தாழ 1,24,000 ஆயின. ஒரு மாவட்டத்தில் புதிய பதிவுகள் 10 விழுக்காடு கூடினால் அதன் மொத்த உற்பத்தி 1.8 விழுக்காடு கூடும் என்றும் மதிப்பிட்டது. கல்விப் பணியில் இருந்தோர்க்கு மகிழ்வூட்டும் செய்தியும் அதில் உண்டு: எழுத்தறிவு மிகுந்த மாவட்டங்களில் புதிய நிறுவனங்களும் மிகுதி, 70 விழுக்காட்டைக் கடந்த பின்னரே எழுத்தறிவின் பயன் நன்கு புலப்படுகின்றது. தொழில் வளரச் சாலையும் மின்சாரமும் போதும் என்போர் தொடக்கப் பள்ளியையும் சேர்த்துக்கொள்ளட்டும்!

ஆயினும் இவ்வெண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு வேறு, வருகைப் பதிவேடு வேறு. சூன் மாதம் நூறு பெயர் எழுதப்பட்டன என்பதால் திசம்பரில் நூறு பிள்ளைகள் வகுப்பில் இருப்பர் என்று எந்த ஆசிரியரும் சொல்லார். கம்பெனிப் பதிவும் சேர்க்கைப் பதிவேடு போன்றதே. பதிவு பெற்றும் வாணிகமே தொடங்காதவை உண்டு. சில ஆண்டுகளில் ஓய்ந்தவையும் உண்டு. ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத கம்பெனிகளை நீக்க அரசு 2017இல் முனைந்தபோது, அந்நிதியாண்டில் மட்டும் 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பெயர்கள் அடிக்கப்பட்டன. ஆகவே பிறப்பை மட்டும் எண்ணாது, மறைவையும் கழித்தே பார்த்தல் வேண்டும்.

இடமும் நம்மை மயக்கும். கம்பெனி எந்த மாவட்டத்துக்கு உரியது என்பதைப் பதிவு அலுவலக முகவரி காட்டுமேயன்றி, வேலை நடக்கும் இடத்தைக் காட்டாது. ஆலை ஒரு சிற்றூரில் இருக்க, முகவரி சென்னையில் இருந்தால் பெருமை சென்னைக்கே சேரும்.

இதனினும் பெரிய குறை, எண்ணப்படாதோர் குறை. தனியொருவர் கடையும் பங்காளிகள் கூடி நடத்தும் கூட்டு வாணிகமும் இப்பட்டியலில் வாரா. ஆரணியில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்யும் குடும்பம் இதற்குப் புறம்பே. இட்லி மாவு அரைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாயும் அவ்வாறே. பதிவேட்டில் பெயர் குறைந்த மாவட்டத்தைச் சோம்பிய மாவட்டம் என்று கூறுதல் முறையன்று.

இத்தகைய சிறுதொழில்களுக்கென 2020 சூலை 1 முதல் உத்யம் பதிவு நடைபெறுகின்றது. ஆனால் பாட்டனார் காலத்துக் கடையும் இவ்வாண்டு அதில் பதிந்துகொள்ளலாம். எனவே பதிவு பெருகியதைக் கொண்டு தொழில் பெருகியது எனல் பொருந்தாது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவோ, மாநிலத்துக்குள் பொருள் விற்போர்க்குப் பொதுவாக ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைக் கடந்த பின்னரே கட்டாயமாகின்றது. 1977இல் தொடங்கிய பொருளாதாரக் கணக்கெடுப்பு இல்லந்தோறும் சென்று எண்ணுவது. எனினும் அது ஆண்டுதோறும் நடப்பதன்று.

மாவட்டங்களை ஒப்பிடுவோர் மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை எனக் காணல் வேண்டும்; ஐந்தாண்டுப் போக்கையேனும் நோக்கல் வேண்டும்.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி தரலாம். ஊரின் கடைத்தெருவில் ஒரு முனை முதல் மறுமுனை வரை நடந்து, மூன்றாண்டுக்குள் திறந்த கடைகள் எத்தனை, மூடியவை எத்தனை, பெயர்ப் பலகையே இல்லாமல் நடப்பவை எத்தனை என்று கேட்டுக் குறித்து வரட்டும். பின்னர் அம்மூன்று எண்களையும் அரசின் எண்ணோடு வைத்துப் பார்ப்போம்.