நீரிழிவும் பிரசாதப் பழமும்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மாக் மண்டின் மாரியம்மன் ஆலயத்தில் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை ஓர் அம்மையாரிடம் நீட்டினேன். “வேண்டாம் வாத்தியாரே, எனக்கு இனிப்பு நீர். பழத்தைத் தொடவே கூடாது” என்றார். அவருடைய மறு கையில் ஒரு குவளை சிரப் தண்ணீர் இருந்தது!

அவரைக் குறை சொல்ல நான் யார்? எனக்கும் இந்நோய் உண்டு. நானும் பல காலம் பழத்துக்கு அஞ்சி, தேநீரில் மட்டும் சீனியைக் குறைக்காமல் இருந்தவன்தான்.

நம் நாட்டில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் 100-க்கு 18 பேருக்கு இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது. இந்தியர்களிடையே அது 31 பேர். ஏறத்தாழ மூவருள் ஒருவர். ஆகவே இது நம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பாடம்.

பழத்தில் சர்க்கரை உண்டு. உடன் நார்ச்சத்தும் உண்டு. அந்த நார், சர்க்கரை இரத்தத்தில் கலப்பதை மெதுவாக்குகிறது. பிழிந்து சாறாக்கினால் நார் போய்விடும். மூன்று நான்கு ஆரஞ்சுகளின் சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே இறங்கும். முழுப் பழம் உண்போருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவு, பழச்சாறு பருகுவோருக்கு அதிகம் என்று 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றும் காட்டியது.

அப்படியானால் எவ்வளவு உண்ணலாம்? பின்வருபவற்றுள் எதுவாயினும் ஒரு பங்கு. அதில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு துண்டு ரொட்டியில் உள்ள அளவு இருக்கும்:

பீசாங் மாஸ் வாழைப்பழம் (சிறியது) 1
கொய்யா பாதி
பப்பாளி 1 துண்டு
ரம்புத்தான் (சிறியவை) 5
மங்குஸ்தீன் (சிறியவை) 2
பலாச்சுளை 4
டுரியான் சுளை (நடுத்தரம்) 2

நாளொன்றுக்கு இரண்டு பங்கு போதும். அதையும் வெவ்வேறு வேளைகளில் உண்பது நன்று. பாலேக் பூலாவ் டுரியான் பருவத்தில் இந்த இரண்டு சுளைக் கணக்குதான் நமக்குக் கடினமான தேர்வு!

பஞ்சாமிர்தத்தைப் பழமென்று எண்ணிவிடாதீர்கள். வெல்லம், தேன், கற்கண்டு, பேரீச்சம்பழம் எல்லாம் அதில் சேர்கின்றன. நாவில் ஒரு துளி வைத்தாலும் அது பிரசாதமே.

எச்சரிக்கை இரண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தை அறவே தவிர்க்க வேண்டும். மற்றப் பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மருந்தோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்த்து நடுங்கினால், அப்போது மட்டும் அரைக் குவளை பழச்சாறோ சர்க்கரைத் தண்ணீரோ உடனே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரப் அண்டாவுக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர் அண்டா ஒன்றும், ஒரு தட்டில் நறுக்கிய கொய்யாவும் வையுங்கள். அளவறிந்து உண்பதைத் திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வைத்ததன் பொருள் அங்கே விளங்கும்.

அந்த அம்மையார் இப்போது சிரப் குவளையை விட்டுவிட்டார். அம்பாளின் பழத்தை வாங்கி, பாதியைத் தாம் உண்டு, மீதியைப் பேரனுக்குக் கொடுக்கிறார்.