ஜெர்மானிய எதிர்மறையும் தமிழின் அன்மை, இன்மைப் பகுப்பும்

முன்னுரை

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. ஜெர்மானியர் ஒருவர் தமிழை ஐரோப்பிய இலக்கணச் சட்டகத்துள் வைத்து விளக்கிய முயற்சி அது. இக்கட்டுரை எதிர்த்திசையில் செல்கிறது; ஜெர்மானிய மொழியின் எதிர்மறையைத் தமிழ் இலக்கணக் கலைச்சொற்களைக் கொண்டு அணுகுகிறது. தமிழ் மாணவர் ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மானியம் கற்கும்போது நேரும் பிழைகள் சிலவற்றைத் தமிழ் இலக்கண மரபே தடுக்கவல்லது என்பது இதன் கருதுகோள்.

கைன், நிஹ்ட்

ஜெர்மானியத்தில் எதிர்மறை உணர்த்தும் முதன்மைச் சொற்கள் இரண்டு. ‘கைன்’ என்பது பெயருக்கு முன் நின்று பால், எண், வேற்றுமைக்கேற்பக் கைனெ, கைனென், கைனெம் எனத் திரியும். ‘நிஹ்ட்’ எவ்விடத்தும் திரியாது. தமிழிலும் இத்தகைய இணை உண்டு. அல்லேன், அல்லன், அல்லர், அன்று என ஒன்று திரிகிறது. மற்றொன்றாகிய ‘இல்லை’ என்பதை ஐம்பாற்கும் மூவிடத்திற்கும் பொதுவென்கிறார் நன்னூலார். எனவே கைன் என்பதை அல்ல என்பதோடும், நிஹ்ட் என்பதை இல்லை என்பதோடும் பொருத்திக் கற்பிக்கலாம் என்று தோன்றும். அது பொருந்தாது என்பதை நான்கு தொடர்களே காட்டும்.

‘எர் இஸ்ட் கைன் லேரர்’ – அவன் ஆசிரியன் அல்லன்.
‘எர் இஸ்ட் நிஹ்ட் மைன் புரூடர்’ – அவன் என் உடன்பிறந்தான் அல்லன்.
‘எர் ஹாட் கைன் கெல்ட்’ – அவனிடம் பணம் இல்லை.
‘டாஸ் பூஹ் இஸ்ட் நிஹ்ட் ஹியர்’ – அந்நூல் இங்கே இல்லை.

முதலிரண்டிலும் தமிழ் அன்மையையே கூறுகிறது. ஜெர்மானியமோ வேறு வேறு சொற்களை ஆள்கிறது. பின்னிரண்டும் தமிழில் இன்மை. அங்கும் ஜெர்மானியம் பிரிந்து நிற்கிறது. காரணம் வெளிப்படை. ஜெர்மானியம் பெயரின் வடிவை நோக்குகிறது: பெயர் ‘ஐன்’ என்னும் சுட்டாச் சார்படை பெற்றோ, சார்படை எதுவும் பெறாமலோ வருமாயின் அது கைன் கொள்ளும். ‘மைன்’ முதலிய உடைமைச் சொல்லோ சுட்டுச் சார்படையோ பெற்ற பெயரும், பெயரல்லாத பிறவும் நிஹ்ட் கொள்ளும். தமிழ் பயனிலையின் பொருளை நோக்குகிறது: ஒரு பொருள் இன்னது என்பதை மறுப்பது அன்மை, அது உளது என்பதை மறுப்பது இன்மை. தொல்காப்பியர் வினையியலில் குறிப்புவினையின் பொருள்களுள் இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணியமை இங்குக் கருதத்தக்கது.

இன்றைய பேச்சுத்தமிழ் இவ்வேறுபாட்டைப் பெரிதும் இழந்துவிட்டது. புதுக்கோட்டை வட்டாரத்திலும் ‘அவரு வாத்தியாரு இல்ல’, ‘கையில காசு இல்ல’ என இரண்டிற்கும் ஒரு சொல்லே வழங்குகிறது. ஆதலின் மாணவருக்கு அன்மை, இன்மை என்னும் பகுப்பை முதலில் தமிழிலேயே நினைவூட்ட வேண்டியுள்ளது. வகுப்பறையில் இதற்குச் செலவாகும் நேரம் வீணன்று. ஏனெனில் நிஹ்ட் என்னும் சொல் தொடரில் நிற்கும் இடத்தை விளக்க இப்பகுப்பே துணை செய்கிறது.

‘இஹ் கௌஃபெ டாஸ் பூஹ் நிஹ்ட்’ என்றால் ‘நான் அந்நூலை வாங்கவில்லை’ என்பது பொருள். நிஹ்ட் இறுதியில் நின்று வினைநிகழ்ச்சி முழுவதையும் மறுக்கிறது. ‘இஹ் கௌஃபெ நிஹ்ட் டாஸ் பூஹ், சொண்டெர்ன் டாஸ் ஹெஃப்ட்’ என்பதில் அது பெயருக்கு முன்னே நகர்ந்து நூலை மட்டும் விலக்குகிறது. தமிழில் இதனை ‘நான் வாங்குவது நூல் அன்று, குறிப்பேடு’ என்போம். அங்கே சொல் இடம் பெயர்கிறது; இங்கே இன்மை அன்மையாக மாறுகிறது.

இறையிலி

சொல்லாக்கத்திலும் இன்மை தனித்து ஆராயத்தக்கது. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடத் தொகுதி 1929இல் வெளிவந்தது. இப்பகுதிக் கோயில்களின் நிலக்கொடைச் சாசனங்களில் பயிலும் சொல் ‘இறையிலி’. இறை + இல் + இ எனப் பிரிந்து வரியில்லா நிலத்தைச் சுட்டுவது இது. இதன் ‘இலி’ ஈற்றுக்கு ஜெர்மானியத்தின் ‘லோஸ்’ ஈறு நிகர்போலத் தோன்றும். வேலையிலி ‘ஆர்பைட்ஸ்லோஸ்’ என்றே வரும். ஆயினும் வரியைக் குறிக்கும் ‘ஷ்டொயர்’ என்பதனோடு லோஸ் சேர்ந்தால் ‘சுக்கான் இழந்த’ என்னும் பொருளே கிடைக்கும். அவ்வொலியுடைய வேறொரு பெயர் சுக்கானைக் குறிப்பது. இறையிலிக்கு உரிய சொல் ‘ஷ்டொயர்ஃப்ரை’, அதாவது வரியினின்று விடுபட்டது. தமிழ்ச்சொல் வரி இல்லாமையை மட்டும் கூற, ஜெர்மானியச் சொல் விடுவிப்பையும் உணர்த்துகிறது. கொடை ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கடப்பாடும் விலக்கும்

ஆங்கில வழிக் கல்வி பெரிதும் இடறுமிடம் இது. ‘டூ முஸ்ட் நிஹ்ட் கொம்மென்’ என்பதை ‘மஸ்ட் நாட்’ என்னும் ஆங்கிலத் தொடரோடு ஒப்பிடும் மாணவர் ‘நீ வரக்கூடாது’ என்றே பொருள்கொள்வர். அதன் பொருளோ ‘நீ வரவேண்டியதில்லை’ என்பதே. விலக்குப்பொருளுக்கு ‘டூ டார்ஃப்ஸ்ட் நிஹ்ட் கொம்மென்’ எனல் வேண்டும். ‘வேண்டியதில்லை’ என்பதில் இன்மை மறுப்பது கடப்பாட்டை, வருகையை அன்று. முஸ்ட் நிஹ்ட் என்பதும் அவ்வாறே கடப்பாட்டை நீக்குகிறது. இங்குத் தமிழும் ஜெர்மானியமும் ஒருபுறம் நிற்க, ஆங்கிலமே தனித்து நிற்கிறது.