தமிழில் எழுதலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் என் மகன் ஒரு வருடம் முன்பே சேர்ந்திருக்க வேண்டியவன். அந்த வருடத்தை வீணடித்தது எங்கள் ஊர்ப் பயிற்சி மையம். ஐந்தாம் வகுப்புவரை அவன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். "உள்ளே போனா எல்லாம் இங்கிலீஷ்தான் சார், நுழைவுத் தேர்வையும் இங்கிலீஷ்லயே எழுதட்டும்" என்றார் மையத்துக்காரர். ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதை அவர் வாயே திறந்து சொல்லவில்லை. மொத்தம் 300 மதிப்பெண். அதில் கணக்குக்கு மட்டும் 150. வீட்டில் நொடியில் போடுகிற வட்டிக் கணக்கையெல்லாம் கேள்வி புரியாமல் விட்டுவிட்டு வந்தான். போய்க் கேட்டால், "பையனுக்கு அடிப்படை போதாது" என்கிறார். அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை.

மார்ச் 31 அன்று வயது 10க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். நல்லவேளை, அவனுக்கு வயது இருந்தது. மறு வருடம் தமிழில் எழுதினான், தேறினான். கவுன்சலிங், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அறிவிப்பில் சொன்னபடி நடந்தன. ஒன்பதாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான்.

அங்கேயே தங்கிப் படிக்கும் பள்ளி என்பதால், "பச்சைப் பிள்ளையை ஜெயிலில் போடுகிறீர்களா?" என்று என் மாமனார் வீட்டில் கேட்டார்கள். ஆனைமலை அடிவாரம், பக்கத்தில் அமராவதி அணை. அதையா ஜெயில் என்பது? விடிவதற்குள் எழுந்து உடற்பயிற்சி, பிறகு வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவில் படிப்பு. முதல் சில வாரம் அழுதான். அழைத்து வந்துவிடலாம் என்றார்கள், நான் மறுத்தேன். இன்று அவன் பேசும் ஆங்கிலம் அங்கே கற்றதுதான்.

சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் ராணுவ அதிகாரி ஆகவேண்டும் என்றுதான், கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1961இல் சைனிக் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அமராவதிநகர் பள்ளி 1962 ஜூலை 16இல் வந்தது. தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதே நோக்கம். 2021-22 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியின் வாசலில் தமிழ்வழிப் பிள்ளையைத் தடுக்க இந்த மையங்களுக்கு என்ன உரிமை?

விண்ணப்பத்தை மையத்தில் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். தேர்வு மொழி கேட்கும் இடத்தில் தமிழ் என்று நீங்களே குறியுங்கள்.