நீரில் நிற்கும் மனிதர்

இங்கிலாந்தின் தென்பகுதியில் வின்செஸ்டர் என்னும் பழைய நகரம் உள்ளது. அந்நகரின் பேராலயத்தைக் கட்டும் பணி 1079ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கு வருவோர் பலரும் அண்ணாந்து அதன் உயர்ந்த வளைவுகளையே நோக்குவர். நாமோ படிகளில் இறங்கிக் கீழே செல்வோம்.

தரைக்கு அடியில் ஒரு நிலவறை. தடித்த தூண்கள், தாழ்ந்த வளைவுக் கூரை, மங்கிய ஒளி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஊறி உள்ளே புகும். தரை முழுவதும் குளம்போல் ஆகிவிடும். அந்நீரின் நடுவே ஒருவர் தனியே நிற்கிறார். தலை குனிந்து, குவித்த கைகளில் ஏந்திய நீரை உற்று நோக்குகிறார். யாரோ உண்மையாகவே நிற்பதாக எண்ணி, முதன்முறை காண்பவர் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடும். அவர் அசைவதில்லை. அவருடைய உருவம் நீரில் தலைகீழாகத் தெரிகிறது. நீர் ஏறிய நாள்களில் நாம் அருகில் செல்ல இயலாது. மேடையில் நின்றே காண வேண்டும்.

இச்சிலையை 1986ஆம் ஆண்டு ஆன்டனி கோர்ம்லி என்னும் சிற்பி படைத்தார். அதன் பெயர் 'சவுண்ட் 2'. ஓசை அடங்கிய இடத்தில் நிற்கும் சிலைக்கு 'ஒலி' என்று பெயர் வைத்தது வியப்பே! கோர்ம்லி தம் உடலிலிருந்தே அச்சு எடுத்தார். உடலின்மேல் பூசிய சாந்து இறுகும்வரை அசையாது நின்றார். அவ்வச்சைக்கொண்டு ஈயத்தால் இவ்வுருவம் அமைந்தது. இளமையில் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்து பௌத்தம் பயின்றவர் அவர். சிலையின் அமைதியைக் காண்போருக்கு அச்செய்தி வியப்பளிக்காது.

இன்று அழகாகத் தோன்றும் இந்நீர், ஒருகாலத்தில் பேராலயத்துக்கே பேரிடராக இருந்தது. சதுப்பு மண்மீது எழுந்த கட்டடம் சரிந்தது. சுவர்கள் விரிசல் கண்டன. அடித்தளத்தைச் சீர்செய்யத் தோண்டிய குழிகளிலோ நீர் நிறைந்தது. எனவே, நீரில் மூழ்கிப் பணிசெய்யும் வில்லியம் வாக்கரை அழைத்தனர். 1906 முதல் 1911 வரை அவர் நாள்தோறும் கலங்கிய நீருக்குள் இறங்கினார். உள்ளே கண் தெரியாத இருள். கைகளால் தடவித் தடவியே 25,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். பேராலயம் நின்றது. வாக்கரோ 1918ஆம் ஆண்டு பரவிய கொள்ளைநோய்க் காய்ச்சலில் இறந்தார்.

பிற்காலத்தில் அவருக்குப் பேராலயத்தில் ஒரு சிறு சிலை வைத்தனர். ஆனால் அதில் அமைந்தது பொறியாளரின் முகம்! 2001ஆம் ஆண்டுதான் வாக்கரின் முகத்துடன் புதிய சிலை வந்தது. அதனைக் கண்டபின் மீண்டும் நிலவறைக்குச் சென்றால், நீரில் நிற்பவரின் கைகளையே நம் கண்கள் நாடும்.

அருஞ்சொற்பொருள்

பேராலயம் – ஆயரின் தலைமைத் தேவாலயம்
நிலவறை – தரைக்கு அடியில் அமைந்த அறை
சதுப்பு – நீர் ஊறிய மென்னிலம்
விரிசல் – பிளவு

பயிற்சி

1. நிலவறையில் நீர் நிறைவது ஏன்?
2. கோர்ம்லி தம் சிலையை எவ்வாறு உருவாக்கினார்?
3. வாக்கர் கைகளால் தடவிப் பணிசெய்தது ஏன்?
4. நீரில்லாத கோடைக்காலத்தில் இச்சிலை எவ்வாறு தோன்றும்? எண்ணி ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உங்கள் பெற்றோரின் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைக் கட்டியவர் அல்லது காத்தவர் யார் எனக் கேட்டு எழுதுக.